எழுத்து எவர் கையில்?

(ஊர் வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



வாசிகசாலை விழாவொன்றிலே பேச எழுபவர் கல்வியின் பெருமையைப் புகழ்ந்துரைத்துவிட்டு அமர்வது வழக்கம். அவ்வழக்கத்தை இன்று நாம் சிறிது மாற்றிக்கொள்ள விரும்புகின்றோம். கல்வி சிறந்தது என்பதில் இங்குள்ள எவருக்கும் ஐயமில்லை. காணியை ஈடு வைத்தும் தாலிக்கொடியை அடகு வைத்தும் பிள்ளைகளைப் படிப்பித்த பெற்றோர் நிறைந்த சபை இது. உங்கள் முன்னிலையிற் கல்வியின் சிறப்பைப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும்.

நாம் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. எழுத்து எவர் கையில் இருக்கின்றது? எவருடைய பிள்ளை வகுப்பறையில் எவ்விடத்தில் அமர்கின்றது? எவருடைய பேச்சு அங்கே தமிழ் என்று மதிக்கப்படுகின்றது? எவருடைய பேச்சு இழிவழக்கு என்று தள்ளப்படுகின்றது? இவற்றுக்கு விடை காணாமல், இத்தனை பேர் எழுத வாசிக்கத் தெரிந்தவர் என்று தொகை காட்டுவதாற் பெரும்பயன் விளையாது.

இலங்கைத் தீவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோர் என்று கணக்கெடுப்புகள் கூறுகின்றன. பெருமைக்குரிய நிலைதான். ஆயினும் எழுத்து விளக்கைப் போன்றதன்று. ஏற்றியவுடன் எல்லோர்க்கும் ஒருபடியாக ஒளி தருவதில்லை. எழுதுபவர் எவர், வாசிப்பவர் எவர், வாசிக்காமலே கைநாட்டு இடுபவர் எவர் என்பதைப் பொறுத்து அது கருவியாகவும் அமையும், விலங்காகவும் அமையும். இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. எமது நாட்டு வரலாறே போதும்.

துண்டுச் சீட்டு

முதலில் மலையகத்தைப் பார்ப்போம். கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர், தோட்டத்திற் கால் வைக்கும் முன்னரே கடனாளிகளாயினர். வழிச்செலவும் அரிசியும் கம்பளியும் கங்காணியின் கணக்கில் அவர்கள் பெயருக்கு நேரே பற்றாக ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்ல வேண்டுமாயின், 'துண்டு' எனப்பட்ட சீட்டொன்று தேவைப்பட்டது. இவர்கள் பட்ட கடன் இவ்வளவு, அதைத் தீர்ப்பவர் இவர்களை அழைத்துக்கொள்ளலாம் என்பதே அச்சீட்டின் பொருள். அதில் எழுதப்பட்டிருந்த தொகை யாது என்பதை, அதனாற் கட்டுண்டவர்களுட் பெரும்பாலோர் வாசித்தறிய இயலாதவராய் இருந்தனர். மனிதரைக் காகிதத்தின் மேல் கைமாற்றிய இம்முறை 1921ஆம் ஆண்டிலேதான் ஒழிக்கப்பட்டது.

நாட்கூலியின் கதையும் அதுவே. தோட்டத்திலே 'பேர்' என்றால் ஒரு நாட் சம்பளம். 'அரைப்பேர்' என்றால் அதிற் பாதி. பகல் முழுதும் மலையில் நின்று உழைத்தது உண்மையாயினும், மாலையில் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் எது எழுதப்பட்டதோ அதுவே கூலியாயிற்று. எழுதியவர் ஒருவர், அந்த எழுத்தை நம்பி அடுப்பு மூட்டியவர் வேறொருவர். மலையகத் தமிழன் முதன்முதலிற் சந்தித்த எழுத்து அவனுக்குக் கல்வியாக வரவில்லை. கணக்காக வந்தது, கடனாக வந்தது.

பின்னர் பள்ளிக்கூடமும் வந்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மேற் சுமத்தியது. எந்த வயதுப் பிள்ளைகளுக்கு? 6 வயது முதல் 10 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு! பத்து வயதிலே கை கொழுந்துக் கூடைக்குப் பழகிவிடும் அன்றோ? ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்பதே பெரும்பாலான தோட்டப் பள்ளிகளின் நிலை. பள்ளிக்கூடம் துரையின் நிலத்தில் நின்றது. அதன் திறப்பும் துரையின் அதிகாரத்தில் இருந்தது. எழுத்து அறவே மறுக்கப்பட்டது என்று நாம் சொல்லவில்லை. எவ்வளவு எழுத்துப் போதும் என்பதை அதிகாரமே அளந்து கொடுத்தது என்றே சொல்லுகின்றோம். தன் பெயரை எழுதும் அளவுக்குக் கிடைத்தது. தன் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட கணக்கைத் தட்டிக் கேட்கும் அளவுக்குக் கிடைக்கவில்லை.

வாக்கு முன்னா, எழுத்து முன்னா?

எழுத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவு வாக்குரிமையின் வரலாற்றிலே தெளிவாகப் புலப்படுகின்றது. 1911ஆம் ஆண்டில், 'படித்த இலங்கையர்' என்னும் பெயரால் சட்டநிரூபண சபையில் ஓர் ஆசனத்துக்குத் தேர்தல் நடைபெற்றது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் அதில் வெற்றி பெற்றார்கள். நாடு முழுவதிலும் அந்த ஆசனத்துக்கு வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தோர் ஏறத்தாழ 3000 பேரே. 1924ஆம் ஆண்டளவிற்கூட எழுத்தறிவு, சொத்து, வருமானம் ஆகிய தகுதிகளால், வாக்குரிமை மக்களுள் நூற்றுக்கு 4 பேரளவில் நின்றது.

1928ஆம் ஆண்டில் டொனமூர் ஆணைக்குழு எழுத்தறிவுத் தகுதியை நீக்குமாறு சிபார்சு செய்தது. அப்போது எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. சிங்களத் தலைவரிற் பலரும் தமிழ்த் தலைவரிற் பலரும், எழுதப் படிக்கத் தெரியாதவர் கையில் வாக்கைக் கொடுத்தால் நாடு கெட்டுவிடும் என்று அஞ்சினர். முதலில் எழுத்து, பின்னர் வாக்கு என்பதே அவர்கள் வாதம். ஆயினும் 1931ஆம் ஆண்டில் 21 வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை கிடைத்தது.

அதன் பின் நிகழ்ந்தது யாது? கல்வி மந்திரியாக விளங்கிய கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கமக்காரன் மகனும் கூலிக்காரன் மகளும் பல்கலைக்கழகம் வரை செல்ல வழி திறந்தது. வாக்கு வந்து 14 ஆண்டுகளுக்குள் இலவசக் கல்வி வந்தது என்பதை நன்கு கவனியுங்கள்! எழுத்தறியாதவன் வாக்கைப் பெற்றான்; அவன் வாக்கை நாடியவர்கள் அவன் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கொடுக்கவேண்டியவர்களாயினர். எழுத்து வந்தால் அதிகாரம் தானே வரும் என்று சொல்லிக் காத்திருந்தால், இரண்டும் வந்திரா.

இதற்கு மறுபுறச் சான்றும் மலையகத்திலேயே உண்டு. 1931ஆம் ஆண்டின் விதிகளின்படி, இந்நாட்டை நிலையான வதிவிடமாகக் கொண்டவர் என்று காட்ட இயலாத தோட்டத் தொழிலாளி, எழுத்தறிவும் சொத்து வருமானத் தகுதியும் காட்ட வேண்டும். அன்றேல் நிரந்தரமாகக் குடியமர்ந்தவர் என்னும் பத்திரம் பெறவேண்டும். பத்து வயதோடு பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, உனக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்பது, கிணற்றை அடைத்துவிட்டு நீ ஏன் குளிக்கவில்லை என்று கேட்பது போலாகும். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்து வந்த 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களுட் பெரும்பாலாரின் வாக்கைப் பறித்தன. வாக்கு இல்லாதவன் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படுவோர் எவர்? 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது தோட்டப் பள்ளிகள் விடப்பட்டன. தோட்டங்கள் தேசியமயமான 1970களிலேதான் அவை அரசாங்கக் கல்வி முறைக்குள் வரத் தொடங்கின. இலவசக் கல்வியின் பயன் அப்பிள்ளைகளை எட்ட ஒரு தலைமுறை கழிந்தது. எஞ்சியோரின் பிரசாவுரிமைக்கு வழிசெய்த சட்டமோ 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது.

இது எமது நாட்டுக்கு மட்டும் உரிய கதை அன்று. பிரேசில் நாட்டிலும் எழுத்தறியாதவர்க்கு வாக்கில்லை என்னும் விதி இருந்தது. அங்கே பாவுலோ பிரெய்ரே என்னும் அறிஞர், 1963ஆம் ஆண்டில் அங்கிக்கோஸ் என்னும் ஊரிலே, ஏறத்தாழ 300 தொழிலாளருக்கு 40 மணி நேரப் பாடத்தில் எழுத வாசிக்கக் கற்பித்தார். குழந்தைகளின் அரிவரிப் புத்தகத்தை அவர் எடுத்துச் செல்லவில்லை. செங்கல் போன்ற, தொழிலாளரின் அன்றாட வாழ்விற் புழங்கும் சொற்களை எடுத்தார். சொல்லைக் கற்கும்போதே, செங்கல்லை அடுக்குபவனுக்கு ஏன் வீடில்லை என்பது போன்ற பேச்சும் எழுந்தது. எழுத்தோடு கேள்வியும் பிறந்தது. 1964ஆம் ஆண்டில் ஆட்சியைக் கைப்பற்றிய படைத்தலைவர்கள் அவரைச் சிறையிலிட்டனர். அதன்பின் அவர் நாடு கடந்து வாழ நேர்ந்தது. எழுத்தறியாதவர்க்கு வாக்குரிமை அங்கே 1985ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. வெறும் எழுத்துக்கு எந்த ஆட்சியும் அஞ்சுவதில்லை. கேள்வி கேட்கும் எழுத்துக்கே அஞ்சுகின்றது.

தரையும் வாங்கும்

வெளியார் இழைத்த அநீதியை மட்டும் எடுத்துரைத்து இறங்கிவிட்டால் இச்சபையிற் கைதட்டல் கிடைக்கும். உண்மை முழுமை பெறாது. யாழ்ப்பாணத்தின் கதையையும் சொல்லவேண்டும்.

1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். 1823ஆம் ஆண்டில் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824ஆம் ஆண்டில் உடுவில் மகளிர் பாடசாலையும் தோன்றின. 1848ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் அவர்கள் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். பிள்ளைகளின் படிநிலைக்கேற்பப் பாலபாடங்களை எழுதி அச்சேற்றினார்கள். சமயப் போட்டியே ஆயினும், அதன் விளைவாக ஊர்தோறும் பள்ளிகள் பெருகின. யாழ்ப்பாணத்தார் எழுத்தாற் பிழைத்தனர், கந்தோர்களை நிரப்பினர், மலாயா வரை சென்றனர்.

ஆயினும் அப்பள்ளிகளிலே எல்லாப் பிள்ளைகளும் வாங்கில் அமர்ந்தனரா? ஒடுக்கப்பட்ட சாதிகளிற் பிறந்த பிள்ளைகள் பல பாடசாலைகளில் அனுமதிக்கப்படவே இல்லை. அனுமதிக்கப்பட்ட இடங்களிலும் தரையிலே இருத்தப்பட்டனர். ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஒரே 'அ' எழுத்து. ஆனால் ஒரு பிள்ளை அதை வாங்கிலிருந்து கற்றது, மற்றப் பிள்ளை மண்ணிலிருந்து கற்றது. முதலாவது பிள்ளை எழுத்தோடு மேன்மையையும் கற்றது. இரண்டாவது பிள்ளை எழுத்தோடு தாழ்வையும் கற்றது. புத்தகத்தில் அச்சிடப்படாத அந்தப் பாடத்தை இருவரும் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

இக்கொடுமையை எதிர்த்தவர்களும் எம்மிடையே தோன்றினர். 1924ஆம் ஆண்டில் உருவான யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் தீண்டாமையைக் கண்டித்தது. 1927ஆம் ஆண்டில் அதன் அழைப்பை ஏற்றே காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளிலே சமாசனம் வழங்கப்படவேண்டும் என்று அரசாங்கம் பணித்தது. அப்போது அதற்கெதிராக மனுக்கள் பறந்தன. சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. ஒரு பிள்ளை ஒரு வாங்கில் அமர்வதற்காகப் பள்ளிக்கூடம் எரிந்தது! அந்த வாங்கு வெறும் மரப்பலகை என்றால் அதற்கு எவராவது தீ வைப்பாரா? வகுப்பறையின் வாங்கு நாளைய ஊரின் ஒழுங்கைக் காட்டுகின்றது என்பதை எரித்தவர்கள் நன்கு அறிந்திருந்தனர். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

எழுத்தாளர் டொமினிக் ஜீவா அவர்களை நீங்கள் அறிவீர்கள். சாதியின் பெயரால் வகுப்பறையில் நேர்ந்த அவமதிப்பினால் இளமையிலேயே பள்ளியை விட்டு நீங்கியவர் அவர். சிகையலங்கரிப்புத் தொழில் செய்துகொண்டே வாசித்தார், எழுதினார். 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் அவருடைய சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966ஆம் ஆண்டில் 'மல்லிகை' என்னும் இதழைத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தினார். தமிழ் இலக்கியம் அதனாற் செழித்தது. ஆனால் இதைக் கூறி நாம் மகிழ்ந்து அமைந்துவிடலாகாது. ஒரு ஜீவா மீண்டு வந்தார். அதே தரையிலிருந்து எழுந்து போய், மீளாமற் போனவர் எத்தனை பேர்? அவர்கள் எழுதாமல் விட்ட கதைகளை எந்த நூலகத்தில் தேடுவோம்?

எவருடைய தமிழ்?

இனி மொழியைப் பற்றி. 1956ஆம் ஆண்டில் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியது. தமிழிலே பண்டிதராயினும், அரசாங்கக் கந்தோரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பிக்க ஆள் தேடும் நிலை வந்தது. எழுத்தறிந்தவனை எழுத்தறியாதவனாக்கும் வித்தையைச் சட்டம் செய்து காட்டியது. 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியென்று ஏற்றது. ஏட்டிலுள்ள அவ்வுரிமை, கந்தோர் யன்னலிலே இன்றும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்பதை, தனிச் சிங்களக் கடிதத்தைக் கையில் ஏந்தி நின்ற உங்களிற் பலர் அறிவீர்கள்.

அந்த வேதனையை அறிந்த எமக்கு, எம் வகுப்பறைக்குள் ஒரு பிள்ளை படும் அதே வேதனை விளங்காமற் போகலாமா? கடற்கரைப் பிள்ளை சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றுகளைப் பெயரிட்டு அறியும். வயற்புறத்துப் பிள்ளைக்குக் களவெட்டியும் பொலியும் தெரியும். மலையகப் பிள்ளைக்குக் கொழுந்தும் பிரட்டும் லயமும் தெரியும். இவை நூற்றாண்டுகளின் அறிவைத் தாங்கி நிற்கும் தமிழ்ச் சொற்களும் தமிழாகிவிட்ட சொற்களுமாம். அப்பிள்ளை வகுப்பில் வாய் திறந்தவுடன் மற்றையோர் சிரிக்க, ஆசிரியரும் முகஞ்சுளித்தால், பிள்ளை யாது கற்கும்? தன் தாயின் பேச்சு வெட்கத்துக்குரியது என்று கற்கும். அதன்பின் அது கேள்வி கேளாது. கேள்வி கேளாத பிள்ளையை நாம் மந்தம் என்போம்.

இதைக் கேட்டு, அவரவர் வழக்கிலேயே பிள்ளைகளை விட்டுவிடலாம் என்று கொள்ளுவதும் தவறாகும். செந்தமிழைச் செம்மையாகக் கற்பித்தே ஆகவேண்டும். சிங்களமும் ஆங்கிலமும் கற்பிக்கவேண்டும். உறுதியும் மனுவும் சட்டமும் எந்த நடையில் எழுதப்படுகின்றனவோ, அந்த நடை ஏழையின் பிள்ளைக்குக் கட்டாயம் வேண்டும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை அதை உணவு மேசையிலே கேட்டுப் பழகுகின்றது. ஏழைப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறிடம் இல்லை. இரக்கத்தின் பெயரால் அதற்கு எளிய பாடமே போதும் என்று நிறுத்துவது, பத்து வயதோடு நிறுத்திய பழைய தோட்டச் சட்டத்தின் தம்பியேயாகும். வீட்டுப் பேச்சை மதித்து, அதன் மேல் நின்று ஏட்டுத் தமிழைக் கற்பிப்பதே நீதியான கல்வி.

இன்று செய்யத்தக்கவை

துண்டு ஒழிந்து நூறாண்டு கடந்துவிட்டது. ஆயினும் வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் நுண்கடன் ஒப்பந்தங்களிலே, வட்டி இவ்வளவு என்று விளங்காமற் கையொப்பமிட்டுத் துன்புற்ற பெண்கள் பலர். அவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்லர், பள்ளிக்கூடம் சென்றவர்கள். ஆனால் அவர்கள் கற்ற எழுத்து, தமக்கு முன்னே நீட்டப்பட்ட காகிதத்தை எதிர்த்து நிற்கும் எழுத்தாய் அமையவில்லை. ஆகவே மேல் வகுப்புகளிலாவது காணி அனுமதிப்பத்திரம், கடன் ஒப்பந்தம், சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் பாடமாக வைத்து வாசிப்பிக்க வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். தரையில் இருத்தும் காலம் போய்விட்டது, பின்வரிசை போகவில்லை. தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சை நெருங்கும்போது, சித்தியடையக்கூடிய சிலரை முன்னே வைத்துப் பயிற்றி, ஏனையோரைக் கொப்பி எழுத விட்டுவிடும் வழக்கம் உண்டன்றோ? உங்கள் வகுப்பில் இந்தத் தவணை முழுவதும் ஒருமுறையேனும் உரத்து வாசிக்க அழைக்கப்படாத பிள்ளை எது? அது எவர் வீட்டுப் பிள்ளை? இதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அத்தாள் எந்தக் கல்வி அதிகாரியின் அறிக்கையிலும் மேலான உண்மையைச் சொல்லும்.

சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் உத்தியோகத்தர்களும் தமக்குரிய கடனை மறக்கலாகாது. மாதத்தில் ஒரு மாலை இவ்வாசிகசாலைக்கு வாருங்கள். ஊரவருக்காக மனு எழுதிக் கொடுப்பது நன்று. ஊரவர் தாமே மனு எழுதப் பழக்குவது அதனினும் நன்று. முதலாவது உதவியால் உங்கள் பெயர் வளரும். இரண்டாவது உதவியால் ஊர் வளரும்.

கமக்காரப் பெருமக்களே! பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம் படித்தவர்களுக்கே உரியது என்று எண்ணி வரம்பிலே நின்றுவிடாதீர்கள். சென்று அமருங்கள். கட்டடத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் எவ்வளவு பணம் என்பதோடு, எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் சரளமாக வாசிக்கின்றார்கள், வாசிக்காதவர்களுக்கு யாது செய்கின்றீர்கள் என்றும் கேளுங்கள். எழுத்தறியாத மக்கள் 1931ஆம் ஆண்டிலே பெற்ற வாக்கினால் இந்நாட்டிற் பள்ளிக்கூடங்களைத் திறப்பித்தார்கள் என்றால், எழுத்தறிந்த நீங்கள் ஒரு கேள்வியினால் ஒரு வகுப்பறையைத் திருத்த இயலாதா?

கொழும்பிலே எமது மொழிக்குச் சம இடம் கேட்கின்றோம். அது எமது பிறப்புரிமை, கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் சம இடம் என்னும் சொல்லை உலகம் எங்கள் வாயிலிருந்து நம்பவேண்டுமாயின், எமது ஊர்ப் பள்ளிக்கூடத்திலே கடைசி வாங்கிலிருக்கும் பிள்ளைக்கு அந்த இடம் முதலிற் கிடைத்திருக்க வேண்டும். அதைக் கொடுப்பதற்கு எந்தப் பாராளுமன்றத்தின் அனுமதியும் எமக்குத் தேவையில்லை.